எங்கள் வீட்டு ஓகே

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு சீனக் கிழவர் இருக்கிறார். அவரைப் பழிவாங்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டிருந்தேன். பழிவாங்கியும் விட்டேன். அதைத்தான் எழுதுகிறேன். "விடுங்கக்கா, வயசானவரு" என்று சொல்லப்போகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த வசனம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

முதலில் எனக்கு ஹொக்கியன் என்கிற சீன மொழி எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிழவர் கணக்குத் தப்பியது அங்கேதான். நான் செம்பவாங்கில் பிறந்தவள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு ஹொக்கியன் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடம் போகும் முன்பே அவளோடு சண்டை போடும் அளவுக்கு எனக்கு அவள் மொழி வந்துவிட்டது. ஒருநாள் விளையாட்டில் நான் ஜெயித்த கோபத்தில் அவள் என்னைப் பார்த்து "ஓ குயி" என்றாள். அவ்வளவுதான், அடுப்படியிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு வந்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் வாயிலேயே ஒன்று போட்டார்.

ஓ என்றால் கறுப்பு. குயி என்றால் பேய். "இத உன்கிட்ட யாரு சொன்னாலும் வந்து என்கிட்ட சொல்லு" என்றார் அந்த அம்மா, ஹொக்கியனில். சட்டம் என்று ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். என் சிநேகிதி அழுதாள், நானும் சேர்ந்து அழுதேன், பிறகு இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம்.

என் வீட்டுக்காரர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ், ஆங்கிலம், கடைத்தெருவுக்குப் போதுமான மலாய், இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் யாரைப் பார்த்தாலும் பேசாமல் இருக்க மாட்டார். கூட்டுகிறவர், காப்பிக்கடைக்காரர், லிஃப்டில் வருகிற நாய்க்குட்டி, எல்லோருக்கும் ஒரு வணக்கம் உண்டு. உட்லண்ட்ஸ் வீட்டுச் சாவி வாங்கிக் குடிவந்த புதிதில், லிஃப்டில் இந்தக் கிழவரும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். இவர் வழக்கம்போல, "மார்னிங் அங்கிள்" என்றார்.

கிழவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ குயி" என்றார்.

கீழே இறங்கியதும் இவர் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, பெரியவருக்கு இங்கிலீஷ் வராது போலருக்கு. இருந்தாலும் ஓகேன்னு சொல்றாரு பாரு. ஓ… குயி. கேக்கவே அழகா இருக்குல்ல?"

கையில் காய்கறிப் பையோடு நான் அப்படியே நின்றேன். சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். புது வீடு வாங்கிய சந்தோஷத்தில் இருக்கிற மனுஷன் முகத்தில் சாணியை அப்ப எனக்கு மனம் வரவில்லை. இதில் என் தப்பு எதுவும் இல்லை. சாணியை எறிந்தது நான் இல்லையே. அதனால் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் அந்த நாளை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அந்த வார்த்தை என் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. இவருக்கு யார் பேச்சையும் அப்படியே பேசிக்காட்டுகிற பழக்கம். சாப்பிடலாமா என்று கேட்டால் "ஓ குயி". சினிமாவுக்குப் போகலாமா என்றால் "ஓ குயி". கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, கிழவர் குரலில் சொல்வார். எங்கள் மகன் பேச ஆரம்பித்தபோது அதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டான். பள்ளியில் பரீட்சை எப்படிடா என்றால் "ஓ குயி ம்மா". என் சமையலறையில், என் பிள்ளை வாயில், என்னைப் பார்த்து. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டில் சோறு போடுவேன்.

ஒருநாள் லிஃப்டில் பிள்ளை கிழவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே, "ஓ குயி அங்கிள்" என்றான். கிழவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவருடைய மகன், ஆபீஸ் போகிற ஆள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், அவனுக்கு எல்லாம் புரிந்தது. அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே ஷூவைத்தான் பார்ப்பான். என் புருஷனும் பிள்ளையும் கேலிக்கு ஆளாகி நிற்க, அந்த ஷூவில் அப்படி என்னதான் இருந்ததோ.

பிறகு இவருக்கு இருதயத்தில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் நாளன்று தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது, முகத்தில் மாட்டியிருந்ததைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பயந்துபோய் நின்ற பிள்ளையைப் பார்த்து "ஓ குயி" என்றார். கட்டை விரலையும் காட்டினார். எங்களுக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தோம். மாலை எடுத்து வர மேலே போயிருந்தேன். திரும்ப இறங்கும்போது லிஃப்டில் கிழவரும் மகனும். நான் தலைவிரி கோலமாகப் பூப்பையோடு நிற்கிறேன். கிழவர் மகனிடம் சொன்னார், மெல்லக்கூட இல்லை, சத்தமாகவே. "அந்த ஓ குயி போய்ச் சேந்துட்டான். இனிமே காரிடார்ல நாத்தம் கொஞ்சம் கொறையும்." மகன் ஷூவைப் பார்த்தான். லிஃப்ட் கதவு திறந்தது. நான் இறங்கிப் போய் என் புருஷன் காலடியில் மாலையை வைத்தேன். வைத்துக்கொண்டே, உன்னை விட மாட்டேன் என்று கிழவருக்குச் சொன்னேன். மனசுக்குள்தான்.

போலீஸில் புகார் கொடுக்கலாம். இந்த ஊரில் அதற்குச் சட்டம் இருக்கிறது, சும்மா விடமாட்டார்கள். நான் தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். கூட வேலை செய்கிற பெண்ணிடம் ஆள் யார் என்று சொல்லாமல் கேட்டுப்பார்த்தேன். "ரிப்போர்ட் போடுங்கக்கா, உள்ள தள்ளிருவாங்க" என்றாள். தள்ளுவார்கள்தான். ஆனால் புகார் என்றால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்ல வேண்டும், என் மகனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவன் போனில் அவன் அப்பா அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருக்கிறது. "ஓ குயி டா தம்பி, நான் கீழ நிக்கிறேன், மெதுவா வா." அவ்வளவுதான் அதில். அதைப் போட்டுப் போட்டுக் கேட்பான். கிழவரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அதை உடைக்க வேண்டும். கிழவருக்குக் காவலாக நின்றது என் பிள்ளையின் முகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல்கலைக்கழகத்தில் என் பிள்ளை விவாதக் குழுவில் சேர்ந்து, வெறுப்புப் பேச்சுக்கும் பேச்சுரிமை உண்டு என்று பேசப் போனான். சாப்பாட்டு மேஜையில் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தான்.

"இங்க எதுக்கெடுத்தாலும் ரிப்போர்ட்டும்மா. ஒருத்தன் ரேசிஸ்ட்டா பேசுனா பேசட்டும் லா. பேசுனாத்தான அவன் யாருன்னு தெரியும்? வாய மூடிட்டா உள்ளயே வச்சுட்டு இருப்பான், அது இன்னும் டேஞ்சர்."

"வாங்கறவனுக்கு வலிக்குமேடா."

"வலிக்கும். ஆனா ஒரு வார்த்தைக்கு அவ்ளோ பவர் நாமதான் குடுக்கறோம். நாம அதுக்கு வேற மீனிங் குடுத்துட்டோம்னு வச்சுக்கங்க, அவன் தோத்தான். சிம்பிள்."

தோசைக் கரண்டி என் கையில் இருந்தது. சொல்லிவிடட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேறு அர்த்தம் கொடுத்தவன் நீதானடா, உன் அப்பாதானடா, தோற்றது யார் என்று லிஃப்டில் வந்து பார்.

"இன்னொரு தோசை ஊத்தவா?" என்று கேட்டேன்.

"ஓ குயி" என்றான்.

வேறு வழியில்லாமல் சின்னச் சின்னதாகப் பழிவாங்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். நாத்தம் குறையும் என்றாரே, அதனால் கிழவருக்காகவே கூட ஒரு கரண்டி போட்டேன். தேக்காவில் நல்ல கெட்டிச் சாம்பிராணியாகப் பார்த்து வாங்கினேன். செய்தித்தாளை மடித்து, புகை சரியான பக்கம் போகும்படி விசிறியும் விட்டேன். கிழவர் சீன ஏழாம் மாதத்தில் செத்தவர்களுக்குப் படைப்பதாகக் கீழே மூட்டை மூட்டையாகக் காகிதம் கொளுத்துவார், அந்தச் சாம்பல் என் துணிக்கொடி வரை வரும். ஒருநாளும் நான் வாய் திறந்ததில்லை. அவர் வாயைத் திறந்தார். என் பேரில் புகார் போனது. புகாரைக் கேட்டவர்கள் இரண்டு பக்கத்தையும் சமரசத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் பேசிக்கறேன், நீங்க கோவப்படாதீங்க" என்று என் மகனும் கூட வந்தான். வட்ட மேஜை, தண்ணீர் பாட்டில், ஏசி குளிர். சமரசம் பேச வந்தது ஒரு சின்னச் சீனப் பெண். நல்ல பெண். ஆங்கிலமும் மாண்டரினும் பேசினாள், ஹொக்கியன் தெரியாது. இப்போது அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. கிழவரோ ஹொக்கியனைத் தவிர வேறு பேசுவதில்லை. அதனால் ஷூ பார்க்கிற மகன்தான் மொழிபெயர்ப்பு.

கிழவர் ஆரம்பித்தார். "இதுங்க வந்ததுலேருந்து அங்க மனுஷன் குடியிருக்க முடியல. இதுங்க ஊருக்கே இதுங்கள அனுப்பணும்."

மகன் ஆங்கிலத்தில், "அப்பாவுக்குப் புகை கொஞ்சம் ஒத்துக்கல" என்றான்.

"புருஷன் செத்தும் இவளுக்குத் திமிரு அடங்கல."

"அவங்க குடும்பத்து வருத்தம் அப்பாவுக்குப் புரியுதுன்னு சொல்றாரு."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எவ்வளவு அருமையான மொழிபெயர்ப்பு. கிழவர் இஷ்டத்துக்குப் பேசலாம், யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை, யாருக்கும் எதுவும் கேட்கவும் இல்லை. என் மகன் பேசுகிற பேச்சுரிமை இதைவிட முழுசாக யாருக்குக் கிடைக்கும்? நான் வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாம்பிராணி போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். பிள்ளைக்காக இதையும் விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவது என்றுதான் இருந்தேன்.

அந்தப் பெண் கிழவர் பக்கம் திரும்பினாள். "ஓகேயா அங்கிள்?"

கிழவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். "ஓ குயி" என்றார்.

"அங்கிள் ஓகே சொல்லிட்டாரு" என்று அந்தப் பெண் சந்தோஷமாக எழுத ஆரம்பித்தாள்.

"ஆமா, ஆமா, ஓகே" என்றான் அவர் மகன்.

என் பிள்ளை என் காதோரம் சாய்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "அம்மா, அப்படியே அப்பா மாதிரி சொல்றாரும்மா."

அப்பா மாதிரியாம். அந்தக் கிழவர் என் புருஷன் மாதிரி ஆகிவிட்டார் என்று கேட்ட பிறகு, எதைக் காப்பாற்றுவதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

"ஆ பெக்" என்று கிழவரைக் கூப்பிட்டேன். ஹொக்கியனில் பெரியவரே என்று அர்த்தம். செம்பவாங் ஹொக்கியன், துரு ஏறாமல் அப்படியே வந்தது. "இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்குச் சரியாக் கேக்கல."

கிழவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவர் மகன் முதல் முறையாக ஷூவை விட்டு என்னைப் பார்த்தான். பிறகு நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். முதலில் அந்த வார்த்தை, ஓ தனியாக, குயி தனியாக. அடுத்து அந்த அறையில் அதுவரை கிழவர் பேசியது, மகன் விட்டுவிட்டதையெல்லாம் சேர்த்து. அடுத்து லிஃப்டில் முதல் நாள். அடுத்து என் பிள்ளை கையாட்டிய நாள். கடைசியாக, சாவு வீட்டன்று சொன்னது. குரலை உயர்த்தவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரவிக்கைக்கு அளவு சொல்வது போலச் சொன்னேன். என் மகன் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. கிழவர் மகன், "சாரி ஆண்ட்டி, அவருக்கு வயசாயிடுச்சு, அவரு அப்படி நெனச்சு—" என்று இழுத்தான்.

"நீ பேசாத" என்றேன். "உனக்கு எல்லாம் தெரியும். நீ ஷூவப் பாத்துட்டு இருந்த."

கிழவர் குரல் உள்ளே போய்விட்டது. "நான் பேசறது உனக்கு எப்பலேருந்து புரியும்?" என்று கேட்டார்.

"மொத நாள்லேருந்து."

அவர் மனசுக்குள் ஒவ்வொரு லிஃப்டாக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. காது, கழுத்து எல்லாம் சிவந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது. வயிற்றில் அத்தனை வருஷம் எரிந்தது அப்படியே குளிர்ந்தது.

அந்தப் பெண் என்னிடம், "உங்களுக்கு என்ன வேணும் ஆண்ட்டி? மன்னிப்புக் கேக்கணுமா? வேற எங்கயாவது கம்ப்ளெய்ன் பண்ணணுமா?" என்று கேட்டாள்.

"மன்னிப்பும் வேணாம், கம்ப்ளெய்ன்ட்டும் வேணாம். அவரு பேசட்டும். என் மகன் சொல்ற மாதிரி, அவரு வாய யாரும் மூட வேணாம். ஆனா இனிமே நான் இருக்கற லிஃப்ட்ல ஏறணும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். நான் அவரு பாஷையிலயே பதில் சொல்லுவேன், நின்னு கேட்டுட்டுப் போகணும்."

அதை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாம்பிராணி விஷயத்தை மட்டும் எழுதினாள். அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் லிஃப்டில் சொன்னதை நான் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. பேர் சொல்லவில்லை, அது போதும்.

பஸ்ஸில் என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். போனை எடுத்தான், அந்தக் குரல் பதிவு வரை போனான், போடாமல் திரும்பப் பைக்குள் வைத்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப என்னடா சொல்ற? பேசட்டும்னுதான் சொல்லுவியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "சொல்லுவேன்மா. சட்டம்னு கேட்டா இப்பவும் அதான் சொல்லுவேன்." பிறகு, "அப்பா எதிர்ல நின்னு சொல்லுன்னா, முடியாது" என்றான்.

கிழவர் இப்போதெல்லாம் லிஃப்டுக்கு வந்து நிற்பார். கதவு திறந்து உள்ளே நான் இருந்தால், ஏறாமல் தன் செருப்பைப் பார்ப்பார். மகனிடமிருந்து கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. நான் கதவுப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க ஆ பெக், என்னமோ சொல்லுவீங்களே, சொல்லுங்க" என்பேன் ஹொக்கியனில். கூட நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், நேரமாகிறது என்பார்கள். ஆகட்டும். அவர் பேச்சுரிமையில் நான் கை வைக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது, அவருக்குத்தான் நா எழவில்லை.

சமரசம் பேசிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்து, "தோசை ஊத்தவா?" என்று கேட்டேன். பிள்ளை மேஜையில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"ஓகே ம்மா" என்றான்.

ஊரில் எல்லோரும் சொல்கிற சாதாரண ஓகே. என் பிள்ளை வாயில் அதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு ஓகே இல்லை. அதனால்தான், யார் என்ன முணுமுணுத்தாலும், லிஃப்ட் பொத்தானிலிருந்து நான் விரலை எடுப்பதில்லை.